கலந்து கிடந்த பேரல் பிரஷ்களைப் பிரித்த வேலை: எந்தத் துப்பாக்கிக்கு எது

பேரல் சுத்தம் செய்யும் பிரஷ்கள் ஒரு டப்பா நிறையச் சேர்ந்துவிட்டன. கிட்டோடு வந்தவை, தனியாக வாங்கியவை, வேறு யாரோ வேண்டாம் என்று கொடுத்தவை எல்லாம் ஒன்றாகக் கலந்து, பாதிக்கு மேல் எந்த அளவு என்று எழுதியிருக்கவில்லை, எழுதியிருந்ததும் சால்வென்ட் பட்டு அழிந்துபோயிருந்தது. இவற்றைப் பிரித்து நான்கு துப்பாக்கிகளுக்கு ஒதுக்க வேண்டும்: ஒரு .22 ரிம்ஃபயர் ரைஃபிள், ஒரு .30-06 போல்ட் ரைஃபிள், ஒரு 12 போர் இரட்டைக்குழல், அப்புறம் ஒரு .177 ஏர் ரைஃபிள். மிஞ்சுவது குப்பைக்கு.

காலிபர், அதாவது குழலின் உள்விட்டம், ஒத்துப்போனால் பிரஷ்ஷும் சரி என்றுதான் பலரும் வாங்குகிறார்கள். காலிபர் பார்ப்பது பாதி வேலைதான். குழலுக்குள் படிந்திருப்பது கரியா, ஈயமா, செம்பா, பிளாஸ்டிக்கா, அதைக் கரைக்க ஊற்றப்போகும் சால்வென்ட் என்ன, இந்த இரண்டும் தெரியாமல் எந்தப் பிரஷ் என்று முடிவு செய்ய முடியாது. ஒரே .30 ரைஃபிளுக்கே இரண்டு விதமான பிரஷ் தேவைப்படுவது இதனால்தான்.

வேலையைத் தொடங்கும் முன்னால் வழக்கமானது: மேகசீன் கழற்றி, போல்ட்டை வெளியே எடுத்து, தோட்டா உட்காரும் இடமான சேம்பரைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்த்தாயிற்று. தோட்டாக்கள் வேறு அறையில். இதில் பேச ஒன்றும் இல்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டியது.

முதலில் காந்தம். பார்வைக்குப் பொன்னிறமாக இருப்பதெல்லாம் வெண்கலம் அல்ல. பித்தளை முலாம் பூசிய இரும்புக் கம்பியில் செய்த பிரஷ்ஷும் அதே நிறத்தில்தான் இருக்கும். நல்ல பேரல் பிரஷ்ஷின் இழைகள் பாஸ்பர் வெண்கலம், அதாவது செம்போடு வெள்ளீயமும் மிகக் கொஞ்சம் பாஸ்பரஸும் சேர்ந்த கலவை; காந்தம் இதை இழுக்காது. ஒவ்வொரு பிரஷ்ஷின் இழை நுனியிலும் சின்னக் காந்தத்தை வைத்துப் பார்த்தேன். இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும், இழைகளைப் பிடித்து நிறுத்தும் நடுவில் உள்ள முறுக்குக் கம்பி பல பிரஷ்களில் இரும்புதான், அதனால் காந்தத்தை நடுவில் கொண்டுபோனால் எல்லாமே ஒட்டுவதுபோலத் தெரியும். நுனியில் மட்டும் தொட வேண்டும். இழையே ஒட்டியவை உடனே தனியாக ஒதுக்கப்பட்டன. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் காந்தம் ஒட்டாது என்று சொல்வார்கள். தகடாக இருக்கும்போது அது பெரும்பாலும் சரி, ஆனால் மெல்லிய கம்பியாக இழுத்த ஸ்டெயின்லெஸ் லேசாக ஒட்டவே செய்யும். ஆகவே லேசாக ஒட்டினாலும் எனக்கு அது ஸ்டீல்தான்.

ஸ்டீல் இழை பிரஷ் எதற்கு வேண்டாம் என்கிறேன்? சாதாரணக் குரோம்-மாலிப்டினம் பேரல் ஸ்டீலின் கடினம் ராக்வெல் சி அளவில் 30-ஐ ஒட்டித்தான் இருக்கும். இழுத்துக் கடினமாக்கிய ஸ்டீல் கம்பி அதைவிடக் கடினமானது. ஒரு தடவை இழுத்ததும் பேரல் கெட்டுவிடும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் குழல்வாயின் விளிம்பில், கிரவுன் என்கிறோமே அந்த இடத்தில், தோட்டா வெளியேறும் கடைசிக் கணத்தில் வாயு எல்லாப் பக்கமும் சமமாகப் பிரிய வேண்டும்; அங்கே ஒரு கீறல் விழுந்தாலும் குறி கெடும். அந்த ஆபத்தை ஏற்க எனக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை, வெண்கலத்தால் போகாத கரியைச் சால்வென்ட்டை ஊறவிட்டு எடுத்துக்கொள்ளலாம். வளையம் வளையமாகச் சுற்றிய ஸ்டீல் பிரஷ்களும் டப்பாவில் இருந்தன, முனைகள் வெளியே நீட்டாததால் அவை பாதுகாப்பானவை என்று சொல்லி விற்கிறார்கள். அவையும் ஒதுக்கத்தில்தான் போயின.

அடுத்து அளவு. வெர்னியர் வைத்து இழைகளை அளந்தால் தாடை பட்டதும் இழை வளைந்துவிடுகிறது, ஒவ்வொரு முறையும் ஒரு எண் வருகிறது. அதனால் தடிமனான பிளாஸ்டிக் பலகை ஒன்றில், காய்கறி வெட்டும் பலகையின் தடிமன் இருந்தால் போதும், துளைகள் போட்டு ஒரு அளவுகோல் செய்துகொண்டேன்: 4.5, 5.6, 7.8, 9, 11.5, 18.5 மில்லிமீட்டர். 4.5 என்பது .177-க்கு. 5.6 என்பது .22-க்கு. 7.8 என்பது .30 குடும்பத்துக்கு, ஏனென்றால் .30 குழலின் உட்சுவரில் சுருளாக ஓடும் காடிகள் உண்டு (ரைஃபிளிங் என்பது இதைத்தான்), அதில் மேடுகளுக்கு இடையே 7.62-ம், காடிகளின் ஆழத்தில் 7.82-ம் இருக்கும், பிரஷ் எட்ட வேண்டியது காடியின் அடிவரைக்கும். 9 என்பது 9 மிமீ, .38, .357 எல்லாவற்றுக்கும் பொது, இந்த மூன்றுக்கும் ஒரே பிரஷ் போதும். 11.5 என்பது .45-க்கு. 18.5 என்பது 12 போருக்கு. துளையின் ஓரங்களைக் கத்தியால் மழுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிசிறில் இழை மாட்டும்.

சோதனை எளிது. பிரஷ்ஷைத் துளைக்குள் தள்ள வேண்டும். நல்ல பிரஷ் என்றால் கொஞ்சம் எதிர்க்கும், உள்ளங்கையால் அழுத்தித் தள்ள வேண்டியிருக்கும், வெளியே வந்ததும் இழைகள் மறுபடி விரிந்து நிற்கும். தானாக விழுந்துவிட்டால் அது தேய்ந்துபோனது. கை முழுக்கப் பலம் போட்டும் போகவில்லை என்றால் அது அடுத்த காலிபருக்கு உரியது. இந்த மூன்று வகையிலும் பிரஷ்கள் வந்தன. விரிந்து நிற்காமல் ஒரே பக்கமாகச் சாய்ந்துபோன பிரஷ்களும் நிறைய இருந்தன, அளவு சரியாகக் காட்டினாலும் அவற்றின் இழை நுனி குழல் சுவரைத் தொடாது, இழையின் வயிறுதான் உரசும். அவற்றை நான் எறியவில்லை, ஏன் என்று 12 போரில் சொல்கிறேன்.

போர் என்ற எண்ணைப் பற்றி ஒரு சின்ன விலகல். 12 போர் என்றால் குழலின் விட்டத்துக்குச் சமமான ஈயக் குண்டுகள் 12 சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை என்று பொருள். அதனால்தான் எண் கூடக் கூடக் குழல் சிறுக்கிறது, 16 போர் சுமார் 16.8 மிமீ, 20 போர் சுமார் 15.6 மிமீ. ஆனால் .410 மட்டும் இந்தக் கணக்கில் வராது, அது நேரடியாக அங்குல அளவு, 10.4 மிமீ. எண்ணை மட்டும் பார்த்து .410-க்குப் பிரஷ் எடுப்பவர்கள் குழம்புவது இங்கேதான்.

பிரஷ்ஷின் நீளத்தையும் பார்க்க வேண்டும். கைத்துப்பாக்கிப் பிரஷ் குட்டையாகவும் ரைஃபிள் பிரஷ் நீளமாகவும் வரும், விட்டம் ஒன்றேயானாலும். நீளப் பிரஷ்ஷைக் குட்டைப் பேரலில் விட்டால் முழுவதும் வெளியே வர இடம் இருக்காது. ரிவால்வரில் இது நன்றாகவே தெரியும், பிரஷ் வெளியே வரவேண்டிய இடம் சட்டத்தின் சன்னல் அளவுதான்.

அடுத்தது மரை, பிரஷ்ஷைக் குழலுக்குள் தள்ளும் கம்பியான ராடில் அதைத் திருகி மாட்டும் பகுதி. இதில்தான் எனக்கு நேரம் அதிகம் போனது. அமெரிக்க வழக்கில் ரைஃபிள், கைத்துப்பாக்கிப் பிரஷ்களில் பெரும்பாலும் 8-32 மரை, அதாவது விட்டம் 4.17 மிமீ, அங்குலத்துக்கு 32 சுற்று. ஷாட்கன் பிரஷ்களில் 5/16-27, .17 காலிபர் ராடில் அதைவிடச் சின்ன 5-40. இவற்றோடு மெட்ரிக் எம்4 மரை கொண்ட பிரஷ்ஷும் கலந்து கிடந்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. எம்4-இன் விட்டம் 4 மிமீ, சுற்றுக்கு 0.7 மிமீ, 8-32-இல் சுற்றுக்கு 0.79. எம்4 பிரஷ் 8-32 ராடில் ஓரிரு சுற்று நன்றாகவே ஏறும், அப்புறம் இறுகும், சரியாகப் பொருந்திவிட்டது என்று நினைத்துக் குழலுக்குள் விட்டால் பாதி வழியில் கழன்று உள்ளேயே நின்றுவிடும். எனவே விதி ஒன்று: பிரஷ்ஷின் கழுத்து ராடின் முகத்தில் போய் உட்காரும்வரை விரலாலேயே சுலபமாகச் சுற்ற வர வேண்டும். இடுக்கி தேவைப்பட்டால் அந்தப் பிரஷ் அந்த ராடுக்கு உரியது அல்ல. மரை மாற்றும் அடாப்டர் கிடைக்கும், ஆனால் ஒவ்வொரு அடாப்டரும் உள்ளே கழன்று நிற்கக்கூடிய இன்னொரு இணைப்பு.

இதோடு சேர்ந்ததுதான் ராடின் கைப்பிடி. .30-06-இல் ரைஃபிளிங் வழக்கமாகப் பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று, அதனால் 60 செ.மீ. பேரலை ஒருமுறை கடக்கும்போது பிரஷ் இரண்டு சுற்றுக்கு மேல் சுழன்றாக வேண்டும். கைப்பிடியில் பேரிங் இருந்து ராட் தாராளமாகச் சுழன்றால் சரி. சுழலாத கைப்பிடி என்றால் ஒன்று இழைகள் காடியைத் தாண்டித் தாண்டிக் குதிக்கும், அல்லது வலச்சுற்றுப் பேரலில் தள்ளத் தள்ளப் பிரஷ்ஷின் மரை கழலும். துண்டு துண்டாக இணைக்கும் அலுமினிய ராட் எனக்கு ஒத்துவரவில்லை, மென்மையான அலுமினியத்தில் மணல் துகள் பதிந்துகொள்ளும், இணைப்பின் விளிம்புகள் குழலில் உரசும். ஒரே துண்டாக, மேலே உறை போட்ட ஸ்டீல் ராடோ கார்பன் ஃபைபர் ராடோ இருந்தால் நல்லது, ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டு உள்ளே விட வேண்டும்.

சரி, இனி துப்பாக்கிகள்.

.30-06-இல் இருந்து தொடங்கினேன், ஏனென்றால் இதில் இரண்டு அழுக்கும் அடுக்கடுக்காக இருக்கும்: வெடிமருந்தின் கரி, அதோடு தோட்டாவின் செம்பு உறை விட்டுச்சென்ற படிவு. போல்ட் இருந்த இடத்தில் போர் கைடு பொருத்தி, பேரலின் முனையைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்து, பின்பக்கமிருந்து முன்னே. போர் கைடு ராடை நடுவில் நிறுத்துவதோடு, சால்வென்ட் ட்ரிகருக்குள் வழிவதையும் தடுக்கும். முதலில் சால்வென்ட் நனைத்த பேட்ச் துணி, கரி ஊறட்டும் என்று கொஞ்சம் காத்திருந்து, பிறகு .30 வெண்கலப் பிரஷ். பிரஷ்ஷைச் சால்வென்ட் பாட்டிலுக்குள் முக்கக் கூடாது, பாட்டில் முழுவதும் அழுக்காகிவிடும். சொட்டுச் சொட்டாகப் பிரஷ்மேல் விட வேண்டும். தள்ளினால் குழல்வாய்க்கு வெளியே முழுவதும் வரும்வரை தள்ள வேண்டும். நடுவில் நிறுத்தித் திருப்பினால் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் வெண்கல இழைகள் அங்கேயே மடங்கித் திரும்ப வேண்டும், பிரஷ்ஷின் ஆயுள் அதோடு முடியும், இறுகலான பிரஷ் என்றால் மாட்டிக்கொள்ளவும் செய்யும். வெளியே வந்த பிரஷ்ஷைக் கழற்றிவிட்டு ராடை மட்டும் திரும்ப இழுப்பவர்கள் உண்டு, கிரவுனில் இழை உரசக் கூடாது என்பதற்காக. வெண்கலத்துக்கு அவ்வளவு தேவையில்லை என்பது என் கருத்து, ஆனால் ராடின் எடை கிரவுனில் சாயாமல் நேராக உள்ளே இழுப்பது முக்கியம்.

பிரஷ் குழல்வாயிலிருந்து வெளியே துள்ளும்போது கருப்பான சால்வென்ட் துளிகள் தெறிக்கும். அதில் ஈயம் இருக்கும். அடிப்பக்கம் மூடியிருக்கும் காலி பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை வெட்டிக் குழல்வாயில் மாட்டிவிட்டால் எல்லாம் அதற்குள் போய்விடும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டால் நல்லது, சன்னலும் திறந்திருக்கட்டும்.

கரி போனபின் வெண்கலப் பிரஷ்ஷுக்கு இந்தப் பேரலில் வேலை இல்லை. செம்பைக் கரைக்கும் சால்வென்ட்டில் பெரும்பாலும் அமோனியா இருக்கும். செம்பு கரைந்தால் துணியில் நீலம், நீலப்பச்சை நிறம் வரும், நிறம் நின்றால் செம்பு தீர்ந்தது என்று அர்த்தம். ஆனால் வெண்கலத்திலும் பெரும்பகுதி செம்புதானே. இதைப் பார்ப்பதற்காகவே ஒதுக்கி வைத்த ஒரு பழைய வெண்கலப் பிரஷ்ஷை வெள்ளைத் துணிமேல் வைத்துச் செம்புச் சால்வென்ட் சில சொட்டு விட்டேன், கொஞ்ச நேரத்தில் பிரஷ்ஷைச் சுற்றி நீல வளையம். பேரல் பக்கமே போகாத பிரஷ். அப்படியென்றால் வெண்கலப் பிரஷ்ஷோடு செம்புச் சால்வென்ட் போடுபவர் துணியில் பார்க்கும் நீலத்தில் பேரலின் செம்பு எவ்வளவு, பிரஷ்ஷின் செம்பு எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. தீராத நீலத்தைத் துரத்திக்கொண்டு தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். துணியை மாட்டித் தள்ளும் ராட் முனையான ஜாக் பித்தளையாக இருந்தாலும் இதே கதை.

ஆகவே இங்கே நைலான் பிரஷ், பிளாஸ்டிக் அல்லது நிக்கல் முலாம் பூசிய ஜாக். நைலான் சுரண்டாது, அதை எதிர்பார்க்கவும் கூடாது. சால்வென்ட்டைக் காடிகளின் மூலைவரை பரப்பிவிடுவதுதான் அதன் வேலை, கரைப்பது ரசாயனம். பாட்டிலில் எழுதிய நேரத்துக்கு மேல் அமோனியாச் சால்வென்ட்டைப் பேரலில் விட்டுவைக்க வேண்டாம். சுட்டு முடித்த சூடு ஆறாத பேரலில் நைலானையும் விட வேண்டாம், இழை வளைந்தால் அப்படியே நின்றுவிடும். நைலானுக்கு மாறிய பிறகு துணியில் வந்த நீலம் பேரலுடையது மட்டும், அது வெளிறிக்கொண்டே வந்து நின்றது, வேலை எங்கே முடிகிறது என்று இப்போது தெரிகிறது.

சேம்பருக்கு அதே .30 பிரஷ் உதவாது, சுவரையே தொடாது. .30-06-இன் சேம்பர் அடிப்பக்கம் 12 மிமீ அகலம். டப்பாவிலிருந்த .45 பிரஷ்ஷை எடுத்து, குட்டை ராடில் மாட்டி, உள்ளே விட்டுச் சுற்றினேன். வலப்பக்கமாகவே சுற்ற வேண்டும், இடப்பக்கம் சுற்றினால் பிரஷ் ராடிலிருந்து கழன்று சேம்பரிலேயே உட்கார்ந்துகொள்ளும். இதன் பிறகு காய்ந்த துணியால் சேம்பரை நன்றாகத் துடைத்துவிட வேண்டும், அங்கே எண்ணெய் தங்கக் கூடாது.

.22 ரிம்ஃபயருக்கு நான் எடுத்து வைத்தது ஒரே ஒரு வெண்கலப் பிரஷ், அதையும் அபூர்வமாகத்தான் தொடுவேன். செம்பு உறையில்லாத, மெழுகு தடவிய ஈயத் தோட்டா, வேகமும் குறைவு; உள்ளே மெல்லிய மெழுகுப் படலம் ஒன்று படிந்து அதன்மேல்தான் துப்பாக்கி நன்றாகச் சுடுகிறது. அதைத் தினமும் தேய்த்து எடுத்தால் மறுபடி படியும்வரை குறி அலையும். பெரும்பாலும் துணியே போதும். கரி சேர்வது சேம்பர் முடிந்து ரைஃபிளிங் தொடங்கும் இடத்தில், ஒரு வளையம்போல. அங்கே மட்டும் வெண்கலப் பிரஷ், பிறகு ஒரு முழு ஓட்டம் வெளியே, அவ்வளவுதான். பின்பக்கமிருந்து ராட் விட முடியாத மாடல்களும் உண்டு, லீவர் ஆக்‌ஷனும் சில செமி ஆட்டோவும். அவற்றுக்குக் குழல்வாயில் பொருந்தும் பாதுகாப்பு வளையம் போட்டு விடலாம், அதைவிடப் பின்னாலிருந்து முன்னால் இழுக்கும் கேபிள் எனக்குப் பிடிக்கும், ஒரு வழியாக மட்டும் போகும். பிரஷ் உள்ளேயே தைத்து வரும் இழுப்புக் கயிறு வெளியில் அவசரத்துக்குச் சரி. ஆனால் கயிறு அழுக்கானபின் அதையே மறுபடி இழுப்பது பழைய அழுக்கைத் திரும்பப் பூசுவதுதான், துவைக்க வேண்டும். நைந்த கயிறு உள்ளே அறுந்தால் எடுப்பது பெரும்பாடு.

12 போர் வேறு உலகம். ரைஃபிளிங் இல்லை, குழல் அகலம், பிரஷ் மாட்டிக்கொள்ளும் பயமும் குறைவு. இங்கே உள்ள அழுக்கு, தோட்டாவுக்குள் வெடிமருந்துக்கும் குண்டுகளுக்கும் நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் வாட் உரசி உருகிய படலம், அதன் கீழே ஈயக் கோடுகள். இரண்டும் அதிகம் சேர்வது சேம்பரிலிருந்து குழல் குறுகும் சரிவிலும், முன்னே குழல்வாய் குறுகும் பகுதியான சோக் தொடங்கும் இடத்திலும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் சாம்பல் நிறக் கோடுகளாகத் தெரியும். 18.5 துளையில் சரியாக நின்ற வெண்கலப் பிரஷ் முக்கால்வாசியை எடுத்துவிட்டது. மீதி ஈயத்துக்குத்தான் அந்தச் சாய்ந்துபோன பழைய பிரஷ்கள்: அதன்மேல் சுத்தமான செம்பு இழைப் பஞ்சைச் சுற்றி, குழலில் இறுக்கமாக நிற்கும் அளவுக்குத் தடிமனாக்கி, காய்ந்த நிலையிலேயே முன்னும் பின்னும் இழுத்தால் ஈயம் செதில் செதிலாக வருகிறது. பாத்திரம் தேய்க்கும் பஞ்சில் செம்பு நிறமாக இருப்பதெல்லாம் செம்பு அல்ல, முலாம் பூசிய இரும்பும் உண்டு, அதனால் இதற்கும் காந்தம். சேம்பருக்கு ஒரு அளவு பெரிய பிரஷ் வேண்டும், 12 போர் சேம்பர் 20 மிமீக்குக் கொஞ்சம் மேல். 10 போர் பிரஷ் அதற்குக் கச்சிதம்.

கரிமருந்து போட்டுச் சுடும் பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் படிவது பொட்டாசியம் உப்புகள், ஈரத்தை இழுத்துத் துருவேற்றும். பெட்ரோலிய சால்வென்ட்டில் உப்பு கரையாது, எந்தப் பிரஷ் போட்டாலும் பயனில்லை. சோப்புக் கரைத்த வெந்நீர், நைலான் பிரஷ், பிறகு நன்றாகக் காயவைத்து எண்ணெய். பழைய ராணுவத் தோட்டாக்களில் உள்ள அரிக்கும் ப்ரைமருக்கும் முதலில் தண்ணீர்தான்.

ஏர் ரைஃபிளுக்கு டப்பாவிலிருந்து எதுவும் ஒதுக்கவில்லை. அதில் வெடிமருந்தே இல்லை, கரியும் இல்லை. மென்மையான பெல்லட்டின் ஈயமும் கொஞ்சம் எண்ணெயும்தான். துணியை இழுத்தாலே போய்விடும், ஃபெல்ட் பெல்லட்டும் கிடைக்கிறது. சால்வென்ட் ரப்பர் சீல்களைக் கெடுக்கும், ஸ்பிரிங் வகைகளில் உள்ளே தங்கிய பெட்ரோலிய எண்ணெய் அழுத்தத்தில் டீசல் எஞ்சின்போலப் பற்றிக்கொள்ளும். .177 வெண்கலப் பிரஷ் ஒன்று இருந்தது, அதை .17 ரைஃபிள் வைத்திருப்பவருக்குக் கொடுத்துவிட்டேன்.

கடைசியில் பிரஷ்களைக் கழுவினேன். சால்வென்ட்டோடு அப்படியே வைத்தால் வெண்கல இழையை அது தின்றுகொண்டே இருக்கும், அடுத்த முறை பிரஷ் எடுக்கும்போது இழை உதிரும். கொழுப்பு நீக்கும் ஸ்ப்ரேயோ சோப்பு நீரோ அடித்து, உதறிக் காயவைத்து, மூடியுள்ள சின்னக் குழாய்களில் ஒவ்வொன்றாகப் போட்டு, காலிபரும் மரையும் கரிக்குச் செம்புக்கு என்றும் எழுதி ஒட்டியாயிற்று. எழுத்தின்மேல் தெளிவான டேப் ஒட்டிவிட்டால் சால்வென்ட் பட்டாலும் அழியாது. எண்ணெய் பூச வைத்திருக்கும் பஞ்சு மாப் மட்டும் தனி டப்பாவில், அது அழுக்குப் பட்ட பிரஷ்களோடு சேரக் கூடாது. அந்தத் துளைப் பலகை மேசையிலேயே இருக்கிறது. வேலை தொடங்கும் முன் பிரஷ்ஷை ஒருமுறை துளைக்குள் தள்ளிப் பார்க்கிறேன், எதிர்க்காமல் விழுந்தால் அது செம்புப் பஞ்சு சுற்றும் கூட்டத்துக்குப் போகும்.